மையமும் விளிம்பும் இல்லாத விரிவு

பேரண்டம் விரிந்துகொண்டே இருக்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டு அறிவியல் கண்டறிந்த உண்மைகளுள் தலையாயது. பள்ளிப் பாடநூல்களிலும் நாளிதழ்களிலும் இடம்பெற்றுவிட்ட அந்த உண்மையைக் கேள்விப்படாதவர் குறைவு. ஆனால் அதைக் கேட்டதும் மனத்தில் எழும் படம் பெரும்பாலும் பிழையானது. வெறுமையான பெருவெளியின் நடுவில் ஒரு குண்டு வெடித்ததாகவும், அதன் சிதறல்களே இன்றுவரை பறந்துகொண்டிருப்பதாகவும் கற்பனை செய்துகொள்பவருக்கு அடுத்தடுத்துக் கேள்விகள் பிறக்கின்றன: அந்த வெடிப்பு எந்த இடத்தில் நடந்தது, சிதறலின் விளிம்பு எங்கே, விளிம்புக்கு அப்பால் என்ன இருக்கிறது? இக்கேள்விகளுக்கு விடை தேடுவதற்கு முன் இவற்றை எழுப்பும் படத்தையே திருத்த வேண்டும். அதன் அடிப்படைப் பிழை ஒன்றே: பேரண்டத்துக்கு வெளியே நின்று அதைப் பார்க்கும் ஒருவர் இருப்பதாக அது வைத்துக்கொள்கிறது. அப்படி ஒருவரும் இல்லை. எல்லா அளவீடுகளும் பேரண்டத்தின் உள்ளிருந்தே, குறிப்பிட்ட ஓர் இடத்தில், குறிப்பிட்ட ஒரு காலத்தில் எடுக்கப்படுகின்றன. ஒரு தூரமோ வேகமோ சொல்லப்படும்போது அது எங்கிருந்து, எந்தக் காலத்துக்குரியதாக அளக்கப்பட்டது என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், இந்த அத்தியாயத்தில் ஆராயப்படும் தவறான கருத்துகள் ஒவ்வொன்றாக விலகிவிடும்.

அளவீடுகள் சொன்னவை

விண்மீன் திரள் என்பது கோடிக்கணக்கான விண்மீன்கள் தம் ஈர்ப்பால் ஒன்றாகப் பிணைந்திருக்கும் பெருங்கூட்டம். சூரியன் அடங்கிய பால்வெளி அவற்றுள் ஒன்று. திரளிலிருந்து வரும் ஒளியைப் பிரித்து அதன் நிறமாலையைப் பதிவு செய்தால், ஹைட்ரஜன், கால்சியம் போன்ற தனிமங்களுக்கே உரிய கோடுகள் அதில் தெரியும். அக்கோடுகள் ஆய்வகத்தில் காணப்படும் இடத்திலிருந்து நீண்ட அலைநீளத்தின் பக்கமாக, அதாவது சிவப்பின் பக்கமாக, நகர்ந்திருப்பதே செம்பெயர்ச்சி எனப்படுகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள லோவெல் வானாய்வகத்தில் பணியாற்றிய வெஸ்டோ ஸ்லைஃபர் 1912 முதல் இந்த அளவீடுகளைப் பொறுமையாகச் சேர்த்தார். 1917 வாக்கில் அவர் அளந்திருந்த 25 சுருள் திரள்களுள் 21 செம்பெயர்ச்சியைக் காட்டின.

அவற்றின் தூரம் அப்போது தெரியாது. ஒளி கூடிக் குறையும் செஃபீட் வகை விண்மீன்களின் மாற்றக் காலத்துக்கும் அவற்றின் உண்மையான ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பை ஹென்றியெட்டா லெவிட் கண்டறிந்ததனால்தான் தூரத்தை அளக்க வழி பிறந்தது. அந்த வழியைக் கையாண்ட எட்வின் ஹபிள், மவுண்ட் வில்சன் மலையில் இருந்த 100 அங்குலத் தொலைநோக்கியின் துணையோடு, தொலைவு கூடக்கூட விலகும் வேகமும் அதே விகிதத்தில் கூடுகிறது என்பதை 1929-ல் வெளியிட்டார். அதற்கு இரண்டாண்டுகள் முன்னதாகவே பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமேத்ர், ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளிலிருந்து இதே உறவைப் பெற்றிருந்தார். பேரண்டம் நிலையாக நிற்க வேண்டியதில்லை என்பதை ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஃப்ரீட்மன் 1922-லேயே காட்டியிருந்தார். பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் உறுப்பினர்கள் 2018-ல் வாக்களித்துப் பரிந்துரைத்தபடி, இந்த உறவு இன்று ஹபிள்–லெமேத்ர் விதி எனப்படுகிறது. 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு, அதாவது ஒரு மெகாபார்செக்குக்கு, விலகும் வேகம் நொடிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் என்பதே இன்றைய அளவு; இந்த எண்ணே ஹபிள் மாறிலி எனப்படுகிறது.

வெடிப்பு நடந்த இடம் எது?

எல்லாத் திசைகளிலும் திரள்கள் விலகிச் செல்கின்றன என்றால், விலகலின் மையத்தில் பால்வெளிதான் இருக்கிறது என்று எண்ணத் தோன்றுவது இயல்பே. ஒரு சிறு கணக்கு இந்த எண்ணத்தைத் தீர்த்துவைக்கும். ஒரே நேர்கோட்டில் அ, ஆ, இ, ஈ, உ என்னும் ஐந்து திரள்கள், ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 1 கோடி ஒளியாண்டு இடைவெளியுடன் இருப்பதாகக் கொள்ளலாம். இன்றைய விரிவு வேகத்தில் ஏறத்தாழ 130 கோடி ஆண்டுகள் கழிந்தால் எல்லா இடைவெளிகளும் பத்தில் ஒரு பங்கு கூடியிருக்கும். அப்போது அ-விலிருந்து பார்ப்பவருக்கு ஆ 10 லட்சம் ஒளியாண்டும், இ 20 லட்சமும், ஈ 30 லட்சமும், உ 40 லட்சமும் விலகியிருக்கும். தொலைவில் உள்ளது அதற்கேற்ற வேகத்தில் விலகுகிறது என்ற விதி அவருக்குக் கிடைத்துவிடுகிறது. இப்போது இ-யில் இருப்பவரைக் கேட்டால், தமக்கு இருபுறமும் உள்ள ஆ, ஈ இரண்டும் 10 லட்சமும், அ, உ இரண்டும் 20 லட்சமும் விலகின என்பார். அதே விதி, அதே எண்கள். ஒவ்வொருவரும் தம்மையே மையமாகக் காண்பதனால், மையம் என்ற தனிச்சிறப்பு எவருக்கும் இல்லாமல் போகிறது. விலகும் வேகம் தொலைவுக்கு நேர்விகிதத்தில் அமைவதே இந்தச் சமநிலைக்குக் காரணம். வேறு எந்த விகிதத்தில் அமைந்திருந்தாலும் ஏதேனும் ஓரிடம் மற்றவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரிந்திருக்கும்.

கணக்கு சொல்வதை வானமும் உறுதிப்படுத்துகிறது. 1964-ல் நியூ ஜெர்சியின் ஹோம்டெலில் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் தற்செயலாகக் கண்டறிந்த நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு, வெப்பமும் அடர்த்தியும் மிகுந்திருந்த தொடக்கக் காலப் பேரண்டத்திலிருந்து வந்தது. பேரண்டம் 3,80,000 ஆண்டு வயதினதாக இருந்தபோது, வெப்பநிலை சுமார் 3,000 கெல்வினுக்குத் தணிந்து, எலக்ட்ரான்கள் அணுக்கருக்களோடு இணைந்து அணுக்கள் உருவாயின. அதுவரை எலக்ட்ரான்களில் மோதிச் சிதறிக்கொண்டிருந்த ஒளி அதன் பிறகு தடையின்றிப் பயணம் செய்யத் தொடங்கியது. ஓரிடத்தில் நடந்த வெடிப்பின் மிச்சமாக அது இருந்திருந்தால் ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து மட்டுமே வந்திருக்க வேண்டும். மாறாக, அது வானின் எல்லாத் திசைகளிலிருந்தும் 2.725 கெல்வின் வெப்பநிலையில் வருகிறது. உண்மையான ஏற்றத்தாழ்வு லட்சத்தில் ஒரு பங்கு அளவே. சற்றுப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு: சிம்ம விண்மீன் குழுவை ஒட்டிய திசையில் வானம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சற்று வெப்பமாகவும், நேர் எதிர்த்திசையில் அதே அளவுக்குக் குளிர்ந்தும் தெரிகிறது. சூரியன் அந்தத் திசையில் நொடிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால் உண்டாகும் விளைவு அது. மையம் எதையும் அது சுட்டவில்லை. ஆகவே பெருவெடிப்பு எங்கே நடந்தது என்ற கேள்விக்குச் சரியான விடை, எல்லா இடத்திலும் நடந்தது என்பதே. இன்று பூமி இருக்கும் இடமும் அதில் அடங்கும்.

எதற்குள் விரிகிறது?

இந்தச் சமநிலையை விளக்க நூலாசிரியர்கள் நெடுங்காலமாகப் பலூனை எடுத்துக்காட்டி வருகிறார்கள். புள்ளிகள் இட்ட பலூனை ஊதினால் ஒவ்வொரு புள்ளியும் மற்றப் புள்ளிகளிலிருந்து விலகும். பலூனின் பரப்பில் மையமும் இல்லை, விளிம்பும் இல்லை. இவ்வளவுக்கு அந்த உவமை துல்லியமானது. ஆனால் பலூனுக்கு உள்ளே காற்றும், வெளியே அறையும் இருக்கின்றன என்பதால், பேரண்டத்துக்கும் அப்படி ஓர் உள்ளும் வெளியும் வேண்டும் என்ற எண்ணத்தை அதே உவமை விதைத்துவிடுகிறது. உவமையில் பேரண்டமாகக் கொள்ளப்படுவது பலூனின் இருபரிமாணப் பரப்பு மட்டுமே. அந்தப் பரப்பில் வாழும் உயிருக்கு மேலும் கீழும் கிடையாது, அதன் எல்லா அளவீடுகளும் பரப்புக்குள்ளேயே முடிந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஸும் ரீமனும் உருவாக்கிய வடிவியலின் சாரம் இதுவே: ஒரு வெளி வளைந்திருக்கிறதா, விரிகிறதா என்பதை அதற்குள் இருந்தபடியே தூரங்களையும் கோணங்களையும் அளந்து அறிந்துவிடலாம், அதைச் சுற்றி இன்னொரு பெரிய வெளி இருக்க வேண்டிய தேவை இல்லை. பொதுச் சார்பியல் இந்த வடிவியலின் மேல் எழுந்தது. அதன்படி விரிவு என்பது, திரள்களுக்கு இடையிலான தூரங்கள் அனைத்தும் ஒரே பெருக்கெண்ணால் காலப்போக்கில் கூடுவதைக் குறிக்கிறது. அளவுக்காரணி எனப்படும் அந்தப் பெருக்கெண்ணைச் சொல்லிவிட்டால் விரிவைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

இதனோடு பிணைந்த மற்றொரு கருத்து, பேரண்டம் முழுவதும் தொடக்கத்தில் ஊசிமுனை அளவே இருந்தது என்பது. அவ்வாறு சொல்லும்போது, காணத்தக்க பேரண்டத்தையும் முழுப் பேரண்டத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே நிகழ்கிறது. ஒளி பூமியை வந்தடைய நேரம் கிடைத்திருக்கும் பகுதிக்கே காணத்தக்க பேரண்டம் என்று பெயர். அந்தப் பகுதியில் அடங்கிய பொருள் ஒரு காலத்தில் மிகச் சிறிய பரப்பில் நெருங்கியிருந்தது என்பது உண்மை. முழுப் பேரண்டம் அதைவிடப் பெரியது. நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகளின்படி காணத்தக்க பகுதியின் வளைவு, சதவீதத்துக்கும் குறைந்த பிழைக்குள், சுழியோடு ஒத்துப்போகிறது. அதாவது பேரண்டம் முடிவற்றதாகவும் இருக்கலாம். பேரண்டம் இன்று முடிவற்றதாக இருந்தால் தொடக்கத்திலும் முடிவற்றதாகவே இருந்திருக்கும். அன்று அது அடர்த்தி மிகுந்திருந்தது என்பதே வேறுபாடு. முடிவற்ற ஒன்று விரிய முடியுமா என்ற ஐயத்துக்கும் மேலே கண்ட நேர்கோட்டுக் கணக்கே விடை சொல்கிறது: வரிசை ஐந்து திரள்களோடு நிற்காமல் இருபுறமும் முடிவின்றி நீண்டாலும், எல்லா இடைவெளிகளும் பத்தில் ஒரு பங்கு கூடுவதற்குத் தடை எதுவும் இல்லை.

ஒளி களைத்துப் போகிறதா?

நெருங்கி வரும் ரயிலின் ஒலி கூர்மையாகவும் விலகிச் செல்லும் ரயிலின் ஒலி மந்தமாகவும் கேட்பதற்குக் காரணமான டாப்ளர் விளைவே தொலைதூரத் திரள்களின் செம்பெயர்ச்சிக்கும் காரணம் என்று பல நூல்கள் எழுதுகின்றன. அண்மையில் உள்ள திரள்களுக்கு இந்த விளக்கம் போதுமானது. தொலைதூரத் திரள்களுக்கு அது போதாது. ஒளி புறப்பட்ட கணத்தில் திரளுக்கு இருந்த வேகம் மட்டுமல்லாமல், ஒளி பயணம் செய்த காலம் முழுவதும் நடந்த விரிவும் அங்கே கணக்கில் வருகிறது. ஒளி புறப்பட்ட காலத்துக்கும் வந்து சேர்ந்த காலத்துக்கும் இடையே அளவுக்காரணி எத்தனை மடங்கு கூடியதோ, அத்தனை மடங்கு அலைநீளமும் கூடியிருக்கும். செம்பெயர்ச்சியின் எண்ணோடு 1-ஐக் கூட்டினால் கிடைப்பது இந்த மடங்கே. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டறிந்து 2024-ல் அறிவிக்கப்பட்ட ஒரு திரளின் செம்பெயர்ச்சி 14-ஐத் தாண்டியது. அதன் ஒளி புறப்பட்டபோது இருந்ததைவிடப் பேரண்டத்தின் தூரங்கள் இன்று 15 மடங்குக்கு மேல் கூடிவிட்டன என்பதே அந்த எண்ணின் பொருள். ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டர் அலைநீளத்தில், கண்ணுக்குப் புலப்படாத புறஊதாவில் விட்டுச்செல்லும் தடம், அத்திரளின் நிறமாலையில் 1,850 நானோமீட்டர் அளவில், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பில் வந்து நிற்கிறது. அத்தொலைநோக்கி அகச்சிவப்புக் கருவியாக வடிவமைக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு முதன்மைக் காரணம்.

விரிவே இல்லை, நெடும்பயணத்தில் ஒளி தன் ஆற்றலைச் சிறிது சிறிதாக இழப்பதால்தான் சிவக்கிறது என்ற மாற்றுக் கருத்தை ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி 1929-ல் முன்வைத்தார். அது மதிக்கத்தக்க அறிவியல் கருத்து. ஏனெனில் அதைச் சோதித்துப் பார்க்க முடியும். ஒளி களைப்பதால் நிறம் மாறலாமே தவிர, நிகழ்ச்சிகளின் கால அளவு மாறாது; தூரங்கள் விரிவதாக இருந்தால் இரண்டும் ஒரே மடங்கில் நீளும். ஒன்று ஏ வகைச் சூப்பர்நோவாக்கள் ஒரே விதமாகப் பிரகாசித்துச் சில வாரங்களில் மங்குகின்ற விண்மீன் வெடிப்புகள் என்பதால் அவை இந்தச் சோதனைக்கு ஏற்ற கடிகாரங்கள். செம்பெயர்ச்சி 1 உள்ள சூப்பர்நோவா அண்மையில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு காலம் எடுத்துக்கொண்டு மங்குகிறது. 2024-ல் சிலி நாட்டுத் தொலைநோக்கியின் தரவுகளில் இருந்து சுமார் 1,500 சூப்பர்நோவாக்களை ஆராய்ந்த குழுவினரும் இதே முடிவுக்கு வந்தனர். இன்னொரு சோதனை வெப்பநிலை. விரிவு உண்மையானால் நுண்ணலைப் பின்னணி முற்காலத்தில் கூடுதல் வெப்பத்துடன் இருந்திருக்க வேண்டும். புனேயில் உள்ள அயூகா ஆய்வு மையத்தின் ஸ்ரீஆனந்தும் அவரோடு பணியாற்றியவர்களும், செம்பெயர்ச்சி 2.4 உள்ள ஒரு வாயுமேகத்தில் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் எந்த அளவுக்குக் கிளர்ச்சியுற்றிருந்தன என்பதை அளந்து, அங்கே அன்று நிலவிய வெப்பநிலை ஏறத்தாழ 9 கெல்வின் என்று 2008-ல் அறிவித்தனர். விரிவுக் கோட்பாடு எதிர்பார்ப்பது 9.3 கெல்வின்.

ஒளியின் வேகத்தை மிஞ்சலாமா?

தொலைவுக்கு நேர்விகிதத்தில் வேகம் கூடுமானால், ஏதோ ஒரு தொலைவில் அது ஒளியின் வேகத்தை எட்டியே தீரும். அத்தொலைவு இன்று சுமார் 1,400 கோடி ஒளியாண்டு; செம்பெயர்ச்சி ஏறத்தாழ 1.5-க்கு மேல் உள்ள திரள்கள் எல்லாம் அதற்கு அப்பால் இருப்பவை. ஒளியை மிஞ்சிய வேகம் சார்பியலுக்கு முரணானது என்று கூறி இதை மறுப்பவர்கள் உண்டு. சிறப்புச் சார்பியல் விதிக்கும் தடை, ஒரே இடத்தில் ஒன்றையொன்று கடக்கும் பொருள்களுக்கு உரியது: எந்தப் பொருளும் தன் அருகே செல்லும் ஒளிக்கதிரை முந்த முடியாது. தொலைதூரத் திரள் தன் அருகில் உள்ள எதையும் முந்திச் செல்லவில்லை. அங்கே புறப்படும் ஒளி அந்தத் திரளைவிட வேகமாகவே செல்கிறது. பூமிக்கும் அதற்கும் இடையிலான நெடுந்தூரம் கூடும் வீதத்தையே விலகும் வேகம் என்கிறோம். அந்த வீதத்துக்குச் சார்பியல் எல்லை எதையும் வகுக்கவில்லை.

இதைவிட நுட்பமான ஒரு தவறான கருத்து, ஒளியைவிட வேகமாக விலகும் திரள்களைக் காணவே முடியாது என்பது. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய தமாரா டேவிஸும் சார்லஸ் லைன்வீவரும் இக்கருத்து ஆய்வாளர்கள் எழுதியவற்றிலேயே புகுந்திருப்பதை 2004-ல் வெளிவந்த கட்டுரையில் எடுத்துக்காட்டினர். ஜேம்ஸ் வெப் கண்டறிந்ததாக மேலே சொன்ன திரளையே கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். அதன் ஒளி புறப்பட்டபோது பேரண்டத்தின் வயது சுமார் 30 கோடி ஆண்டு. பால்வெளி உருவாகவிருந்த இடத்துக்கும் அதற்கும் இடையே அன்று இருந்த தூரம் ஏறத்தாழ 220 கோடி ஒளியாண்டு. அந்தத் தூரம் ஒளியின் வேகத்தைவிடப் பன்மடங்கு வேகத்தில் கூடிக்கொண்டிருந்ததால், இந்தப் பக்கம் நோக்கிக் கிளம்பிய ஒளியும் முதலில் பால்வெளியிலிருந்து விலகியே போனது. ஆயினும் விரிவின் வீதம் காலப்போக்கில் தணிந்தது. அதனால் ஒளிவேகத்தில் விலகும் எல்லைக்கோடு வெளிநோக்கி நகர்ந்து, தத்தளித்துக்கொண்டிருந்த ஒளியைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. எல்லைக்கு உள்ளே வந்த ஒளிக்கு எதிர்ப்பைவிடத் தன் வேகம் மிகுதி என்பதால் அது நெருங்கத் தொடங்கி, 1,350 கோடி ஆண்டுப் பயணத்துக்குப் பின் தொலைநோக்கியின் கண்ணாடியில் விழுந்தது. நுண்ணலைப் பின்னணியின் கதை இன்னும் தீவிரமானது: அதை வெளியிட்ட பொருள் அன்று 4.2 கோடி ஒளியாண்டு தொலைவில், ஒளியைப் போல ஐம்பது மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் விலகிக்கொண்டிருந்தது. அதன் ஒளியும் வந்துசேர்ந்திருக்கிறது. என்றென்றைக்கும் வராத ஒளியும் உண்டு. இன்று சுமார் 1,650 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நிகழும் நிகழ்ச்சிகளின் ஒளி, விரிவு இப்போதைய போக்கிலேயே தொடர்ந்தால், பூமியை எக்காலத்திலும் அடையாது.

வயது 1,380 கோடி, தொலைவு 4,650 கோடி

பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. எனவே காணத்தக்க பேரண்டத்தின் எல்லை 1,380 கோடி ஒளியாண்டு என்று முடிவு செய்வது எளிது. ஒளி பயணம் செய்யும்போது தூரங்கள் மாறாமல் இருந்தால் மட்டுமே அது சரியாகும். ஒளி தான் கடந்துவந்த வழியை விட்டு அகன்றபின் அந்த வழியும் நீண்டுகொண்டே போகிறது. அதனால் காணத்தக்க பேரண்டத்தின் ஆரம் இன்று சுமார் 4,650 கோடி ஒளியாண்டு. செய்தித்தாள்களில் ஒரு திரள் 1,350 கோடி ஒளியாண்டு தொலைவில் இருப்பதாக எழுதப்படும்போது, உண்மையில் சொல்லப்படுவது அதன் ஒளி பயணம் செய்த காலம். அதே திரளுக்கு மூன்று எண்கள் உண்டு: ஒளி புறப்பட்டபோது இருந்த தூரம் 220 கோடி ஒளியாண்டு, ஒளி பயணித்த காலம் 1,350 கோடி ஆண்டு, இன்றைய தூரம் ஏறத்தாழ 3,380 கோடி ஒளியாண்டு. மூன்றும் சரியானவை, எந்தக் காலத்துக்கு உரியது என்று குறிப்பிடாமல் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைப்பதே பிழை.

அணுவும் சூரியக் குடும்பமும் விரிகின்றனவா?

எல்லாம் விரிகிறது என்றால் அளவுகோலும் சேர்ந்து விரியும், பிறகு விரிவை எப்படி அளப்பது என்ற வினா நியாயமானது. எல்லாமும் விரியவில்லை என்பதே அதற்கு விடை. விரிவு என்பது பொருள்களை இழுக்கும் விசை அன்று. வெளி என்பது இழுபடும் ரப்பரும் அன்று. தொடக்கத்தில் விலகிச்செல்லும் போக்கில் இருந்த பொருள், பிற பொருள்களின் ஈர்ப்பு வென்ற இடங்களில் விலகலை நிறுத்தித் திரும்பிச் சுருங்கி, திரள்களாகவும் விண்மீன்களாகவும் கோள்களாகவும் ஆயிற்று. அப்படிப் பிணைந்துவிட்டவை விரிவில் பங்குகொள்வதில்லை. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமீடா திரள் நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் பால்வெளியை நோக்கி வருகிறது. ஸ்லைஃபர் 1912-ல் முதன்முதலாக அளந்ததே இந்தத் திரளின் நீலப்பெயர்ச்சியைத்தான்.

இதில் எளிதில் ஏமாறக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. ஹபிள்–லெமேத்ர் விதியைப் பூமிக்கும் நிலவுக்கும் இடையிலான 3,84,400 கிலோமீட்டர் தூரத்துக்குப் பொருத்தினால், அந்தத் தூரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.8 சென்டிமீட்டர் கூட வேண்டும். 1969-ல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களை நோக்கி லேசர் ஒளியைச் செலுத்தி அளந்தபோது, நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுவது தெரிந்தது. எண்கள் ஒன்றையொன்று நெருங்கியிருப்பதைக் கண்டு இது பேரண்ட விரிவின் விளைவு என்று முடிவு கட்டினால் தவறாகிவிடும். நிலவின் ஈர்ப்பால் பூமியின் கடலில் எழும் ஓதம், பூமியின் சுழற்சியால் நிலவுக்குச் சற்று முன்னால் தள்ளப்பட்டு, அதை முன்னோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பால் நிலவின் சுற்றுப்பாதை பெரிதாகிறது, பூமியின் சுழற்சி மெதுவாகிறது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பவளப் புதைபடிவங்களின் வளர்ச்சிக் கோடுகள், அன்று ஓர் ஆண்டுக்கு 400 நாள் அளவில் இருந்ததைக் காட்டுகின்றன. சுழற்சி மெதுவாவதற்குப் பாறையில் பதிந்த சான்று அது. சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தூரமும் விரிவில் பங்குகொள்வதாக இருந்தால் ஆண்டுக்கு 10 மீட்டருக்கு மேல் கூட வேண்டும். ராடாராலும் விண்கலங்களாலும் கோள்களின் தூரங்கள் துல்லியமாக அளக்கப்படும் இன்று அத்தகைய வளர்ச்சி மறைந்திருக்க வழியில்லை. அது காணப்படவில்லை.

முடுக்கமும் மாறிலியும்

1998-ல் இரண்டு குழுக்கள் தொலைதூரச் சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாகத் தெரிவதைக் கண்டு, விரிவு முடுக்கம் பெற்றுவருகிறது என்று அறிவித்தன. அக்குழுக்களில் முதன்மைப் பங்காற்றிய சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகியோர் 2011-ல் நோபல் பரிசு பெற்றனர். முடுக்கத்துக்குக் காரணமாகக் கருதப்படுவது இருண்ட ஆற்றல். முடுக்கம் என்றவுடன் ஹபிள் மாறிலி கூடிவருகிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது குறைந்துவருகிறது. அந்த எண், ஒரே காலத்தில் எல்லா இடங்களிலும் ஒன்றாக இருப்பதனால் மட்டுமே மாறிலி எனப்படுகிறது. காலத்தோடு அது மாறும். ஒரு குறிப்பிட்ட திரளைத் தொடர்ந்து கவனித்தால் அதன் விலகும் வேகம் ஏறத்தாழ 500, 600 கோடி ஆண்டுகளாகக் கூடிவருகிறது. அதன் தூரம் அதைவிட விரைவாகக் கூடுவதால், வேகத்தைத் தூரத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் குறைகிறது. இருண்ட ஆற்றலின் அடர்த்தி மாறாமல் இருந்தால் அந்த எண் எதிர்காலத்தில் 56-ஐ ஒட்டி நிலைகொள்ளும்.

தவறான கருத்துகளைக் களைவதன் பயன் இங்கேதான் தெளிவாகிறது. பேரண்டத்தின் விளிம்பு எங்கே என்பது தவறான படத்திலிருந்து பிறந்த கேள்வி. அதற்கு எந்தத் தொலைநோக்கியும் விடை தராது. ஹபிள் மாறிலியின் மதிப்பு 67.4 என்று பிளாங்க் விண்கலத்தின் தரவுகளும், 73 என்று ரீஸ் குழுவினரின் செஃபீட், சூப்பர்நோவா அளவீடுகளும் சொல்வது ஏன் என்பது உண்மையான கேள்வி. இருண்ட ஆற்றல் காலத்தோடு மாறுகிறதா என்பதும் அத்தகையதே. இவற்றை அளவீடுகளால் தீர்க்க முடியும், தீர்ப்பதற்கான பணியும் நடந்துகொண்டிருக்கிறது. 1929-ல் ஹபிள் பெற்ற மதிப்பு 500-ஐ ஒட்டி இருந்தது. அதன்படி பேரண்டத்தின் வயது பூமியின் பாறைகளின் வயதைவிடக் குறைவாக வந்தது. அந்த முரண்பாட்டைத் தூண்டுகோலாகக் கொண்டு தூரங்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்ததன் விளைவாகவே இன்றைய மதிப்பு கிடைத்தது. எது தவறான படத்தின் நிழல், எது இன்னும் விடை காணப்படாத உண்மையான புதிர் என்று பிரித்தறியக் கற்றுக்கொண்ட வாசகர், அடுத்து வரவிருக்கும் கண்டுபிடிப்புகளை வியப்போடு மட்டுமல்லாமல் புரிதலோடும் வரவேற்க முடியும்.